கேப்டனுக்கு முதல் மரியாதை

ஒரு தேசம் பிறக்கும்போது அதன் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க ஒரு மனிதன் வேண்டும். அந்த மனிதனைக் காலம்தான் தேர்ந்தெடுக்கிறது. அவன் நடக்கிற வழியில் சரித்திரம் பின்னால் வருகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு ஆகஸ்டு மாதத்தில் மலாயாவுக்கு அப்படியொரு மனிதன் தேவைப்பட்டபோது, மலாக்காவின் காஜா பெராங்கில் ஒருவர் ஏற்கெனவே தயாராக இருந்தார். வீட்டுக்குப் பின்னால், கோழிக்கூண்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே, கைலி காயப்போடும் மூங்கிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தார்.

“என்னங்க, அந்தக் கம்பைக் குடுங்க. துவைச்ச துணி வாளியிலேயே கிடக்கு,” என்றாள் அவர் மனைவி விஜயா.

“கொஞ்சம் இரு. திரும்புற இடம்தான் இன்னும் சரியா வரலை.”

“நேத்து திரும்பினப்பதான் அடுத்த வீட்டுப் பப்பாளியை இடிச்சுத் தள்ளினீங்க. இன்னிக்கு எதுவாம்?”

சேதுபதி மூங்கிலை நிமிர்த்திக்கொண்டு நடையைத் தொடர்ந்தார். கொடி பிடிப்பவர் வழியில் பேசக்கூடாது.

பண்டார் ஹிலிரில் ஒரு ரப்பர் கம்பெனியில் அவர் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. வெளியாள் யாராவது வந்தால் அங்கே பெரிய கிராணி எல்லாரையும் பேர் சொல்லி அறிமுகப்படுத்திவிட்டு, கடைசியில் சேதுபதி இருக்கும் மூலைப் பக்கம் கையை வீசி, “அப்புறம் இவரும் இருக்காரு,” என்பார். பகலெல்லாம் ‘இவரும்’ ஆக இருந்தவர், சாயங்காலமானால் காஜா பெராங் தமிழ் இளைஞர் கழகத்துக் கூடைப்பந்து அணியின் கேப்டன். அந்த ஒரு பொழுதுக்காகத்தான் மற்றப் பொழுதெல்லாம் அவர் மூச்சு விட்டார் என்று சொல்லலாம். விஜயாவும் அதையேதான் சொல்வாள், வேறு குரலில்.

சுதந்திர விழாவுக்கென்று ஊரில் ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். கமிட்டி என்று ஒன்று இருந்தால் அது எதையாவது அறிவிக்க வேண்டுமே. கூடைப்பந்துக் கோப்பையை ஜெயிக்கும் அணியின் கேப்டன், நாட்டின் புதுக்கொடியை ஏந்திக்கொண்டு, விளையாட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் படாங் என்னும் ஊர்ப் பெருந்திடலைச் சுற்றி வருவார் என்று அறிவித்துவிட்டார்கள். காஜா பெராங் அணியோ இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டது. இடையில் அந்த ஓர் ஆட்டம் பாக்கி இருந்ததைச் சேதுபதி ஒரு சில்லறை வேலையாகத்தான் நினைத்தார். புக்கிட் ரம்பாயிலிருக்கும் மாமியார் பொன்னம்மாவுக்குச் சொல்லியனுப்பியாகிவிட்டது. மாப்பிள்ளை கொடி பிடிக்கப் போவதை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும் என்று, இறுதி ஆட்டத்துக்கே சொந்தபந்தங்களையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு வருவதாக அவரிடமிருந்து பதிலும் வந்துவிட்டது.

இந்தப் பொன்னம்மா கல்யாணப் பேச்சின்போது, “மாப்பிள்ளை கம்பெனியிலே என்னவா இருக்காரு?” என்று கேட்டு, கிராணி என்று பதில் வந்த பிறகும், “அது சரி, என்னவா இருக்காரு?” என்று திரும்பக் கேட்டவர். அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் சேதுபதி மூங்கிலும் கையுமாகப் பதில் தயாரித்துக்கொண்டிருந்தார்.

“தோத்துட்டா?” என்றாள் விஜயா, கம்பைப் பிடுங்கிக்கொண்டு.

“யாரு?”

“நீங்கதான். பூங்கா ராயா சீனப் பையங்க நல்லா ஆடுவாங்களாமே.”

“அவங்ககிட்டே அஞ்சு பேரும் ஆடுறாங்க,” என்றார் சேதுபதி. “அதான் அவங்க பலவீனம்.”

இது வாய்க்கு வந்ததைச் சொன்ன பேச்சு இல்லை. இதற்குப் பின்னால் ஒரு சித்தாந்தம் இருந்தது. அதை உண்டாக்கியவர் கழகத் தலைவர் சுப்பையன்.

சுப்பையனுக்கு பெண்டஹாரா சாலையில் மசாலாக் கடை. கோயில் திருவிழாக் கமிட்டியில் நிரந்தர இடம். முதல் பரிவட்டம் யாருக்கு, இரண்டாவது மாலை யாருக்கு, தேங்காய் மூடியில் பெரிய மூடி யாருக்கு என்று வருஷா வருஷம் கிளம்பும் வழக்குகளைத் தீர்த்துத் தீர்த்தே நரைத்தவர். கூடைப்பந்து ஆட்டத்தை அவர் முழுதாகப் பார்த்ததில்லை. பந்து மேலே போகும்போது பார்ப்பார். கீழே வரும்போது யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார். ஒருநாள் பயிற்சியில், துணிக்கடைத் தாவூதும் அவன் சித்தப்பா மகன் உமரும் ஒரே பந்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“நான் புடிச்ச பந்து. விடுங்க, நானா!” என்றான் உமர், அண்ணன் முறைக்காரனிடம்.

“கூடைக்குக் கீழே நிக்கிறது நானு. உனக்கு எதுக்கு?” என்றான் தாவூத்.

சுப்பையனுக்கு இது நன்றாகப் பழகிய காட்சி. உடனே எழுந்து வந்தார்.

“தம்பிகளா, எந்தக் காரியத்துக்கும் ஒரு முறை வேணும். முதல் மரியாதை யாருக்கு? தலைமைக்கு. பந்து யாரு கைக்கு வந்தாலும் மொதல்லே கேப்டன் கையிலே குடுத்திடணும். அவரு பார்த்து மத்தவங்களுக்குக் குடுப்பாரு.”

“தலைவரே, இது என்ன பரிவட்டமா? பந்து லா, பந்து!” என்றான் தாவூத்.

“பந்தா இருந்தா என்ன, பரிவட்டமா இருந்தா என்ன? முறைன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?”

முறை என்ற ஒன்று இல்லை என்று சொல்லும் துணிச்சல் காஜா பெராங்கில் அன்றைக்கு யாருக்கும் இல்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

தீர்மானத்தின் முதல் பாதி உடனே நடைமுறைக்கு வந்தது. பந்து கிடைத்தவன் எங்கே கிடைத்தாலும், எந்த நிலையில் கிடைத்தாலும், கேப்டனைத் தேடிக் கொடுத்தான். இரண்டாம் பாதியில்தான் கொஞ்சம் தாமதம். சேதுபதி ‘பார்த்து’க் கொடுக்க வேண்டியவர் அல்லவா? அவர் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், பார்க்கும் வரைக்கும் பந்து சும்மா இருக்கக்கூடாது என்பதால் தட்டிக்கொண்டே இருந்தார். தட்டிக்கொண்டே இருக்கும்போது கூடை பக்கத்தில் வந்துவிடும். அவ்வளவு பக்கத்தில் வந்த பிறகு இன்னொருவருக்குச் சிரமம் கொடுப்பானேன் என்று அவரே போட்டுவிடுவார்.

நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். மனிதருக்குக் கை நன்றாகவே பேசியது. பந்து அவர் விரலுக்கும் தரைக்கும் நடுவே நூல் கட்டிவிட்டதுபோல ஏறி இறங்கும். எதிரில் வந்தவனை அப்படிப் போகவிட்டு இப்படித் திரும்புவார். அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டு புள்ளி. காஜா பெராங் பெண்கள்கூட வேலி ஓரத்தில் நின்று பார்ப்பார்கள். அப்போதெல்லாம் சேதுபதிக்கு ஆபீசின் ஞாபகமே வராது.

ஒரு தடவை உமர் இடது கையால் பந்தைத் தள்ளிவிட்டான் என்று கேப்டன் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்.

“பெரியவங்களுக்குக் குடுக்கிற பொருளை இப்படியாடா குடுப்பே?”

“அண்ணே, வலது பக்கம் ஆளு நிக்கிறான்!”

“நின்னா?”

அன்றிலிருந்து அணியில் இடது கை பாஸ் ஒழிந்தது. எதிர் அணிகளுக்கு இது தெரிய வந்தபோது அவர்கள் முதலில் நம்பவில்லை. பிறகு, ஒரு பக்கம் மட்டும் மறித்தால் போதும் என்பதை ஏற்றுக்கொண்டார்கள்.

மற்ற நான்கு பேரும் இதனால் கெட்டுப்போனார்கள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையில் தேறினார்கள். லாரி ஓட்டும் கலியாணசுந்தரம் ஆறடி உயரம். கேப்டன் எறிந்து தவறும் பந்துதான் அவனுக்குக் கிடைக்கும் ஒரே பந்து என்பதால், கூடையில் பட்டுத் தெறிப்பதைப் பிடிப்பதில் மலாக்காவிலேயே அவனுக்கு இணை இல்லாமல் போயிற்று. பிடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு கேப்டன் கைக்குச் சேர்த்துவிடுவான், அப்படியொரு பக்தி. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெசராக இருந்த ஜெயபாலன், சும்மா நின்று நின்று, யார் எப்போது வழுக்கி விழுவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லக் கற்றுக்கொண்டான். உமர் அணியிலேயே மிகவும் பணிவானவன் ஆனான். தாவூத்தின் வாய் நீண்டது.

இந்த முறையால்தான் அணி ஜெயித்தும் வந்தது. எதிர்த்து ஆடியவர்கள் பாஸை மறிக்கப் பயிற்சி எடுத்தவர்கள். பாஸே வராத அணியிடம் என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சேதுபதி கூடைக்குக் கீழே போய்ச் சேர்ந்துவிடுவார். ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் சுப்பையன், “முறை ஜெயிச்சுதா இல்லையா?” என்று தாவூத்தைப் பார்த்துக் கேட்பார்.

இறுதி ஆட்டத்தன்று சிமெண்டுத் திடலைச் சுற்றி நிற்க இடமில்லை. ஒருபக்கம் பூங்கா ராயாக் கூட்டம். மறுபக்கம் காஜா பெராங் முழுவதும், அதற்கு முன்வரிசையில் புக்கிட் ரம்பாய். பொன்னம்மா பெரிய பட்டுச்சேலையும் குடையுமாக நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் விஜயா. சுப்பையன் தனக்கென்று கடையிலிருந்து நாற்காலி கொண்டுவந்திருந்தார்.

விசில் ஊதியதும் சேதுபதி பந்தை வாங்கினார். கொஞ்ச நேரத்திலேயே ஒரு விஷயம் அவருக்குப் புலப்பட்டது: அவருக்கென்று இரண்டு பேரை ஒதுக்கியிருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு பேர். அதில் ஒருவன் எதிர் அணிக் கேப்டன் லிம். சேதுபதிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் ஒருவருக்காக இரண்டு பேர் வேலை செய்கிறார்கள்! முன்வரிசையில் மாமியார் இதைக் கவனித்தாரா என்று ஒரு கணம் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் பந்து போய்விட்டது.

அவருக்கு இரண்டு பேர் என்றால், நம் பக்கம் ஒருவன் சும்மா நிற்கிறான் என்று கணக்கு. அந்த ஒருவன் தாவூத். கூடைக்கு நேர் கீழே, தன்னந்தனியாக, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

“அண்ணே! இங்கே! சேது அண்ணே, இங்கே ஒரு மனுசன் நிக்கிறேன்!”

சேதுபதி அவனைப் பார்த்தார். பார்த்தது உண்மை. கேப்டன் இருக்கும்போது இப்படிக் கத்தி வாங்குவது என்ன பழக்கம் என்றும் நினைத்தார்.

“அண்ணே, பாஸ் வேணாம், ஒரு தபால் கார்டாவது போடுங்க!”

காஜா பெராங் பக்கமே சிரித்துவிட்டது. சேதுபதி இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து, சாய்ந்து, ஒற்றைக் காலில் எம்பிப் போட்டார். விழுந்தது. கூட்டம் எழுந்து கத்தியது. அப்படி ஒன்று விழுந்தால், விழாத மூன்றை யார் நினைக்கப் போகிறார்கள்?

பொன்னம்மா மட்டும் குடையைச் சாய்த்து மகளிடம் கேட்டார். “ஏண்டி, மாப்பிள்ளை ஆடுறது தெரியுது. அந்த நாலு பேரும் யாரு?”

“அவங்களும் நம்ம ஆளுங்கதாம்மா.”

“வேலைக்கு வந்தவங்களா?”

அதற்குள் தாவூத் கத்துவதை நிறுத்திவிட்டான். அவன் கத்தியதைக் கேட்டுக் காவல் காக்க வந்து, காக்க ஒன்றுமில்லாமல் நின்ற சீனப் பையனிடம் கடைத்தெருவில் பேசும் பசார் மலாயில் பேச்சுக் கொடுத்து, அவன் தங்கைக்குக் கல்யாணம் என்பதைத் தெரிந்துகொண்டு, பட்டுத் துணிக்கு எந்தக் கடைக்கு வரவேண்டும் என்பதை விளக்கிக்கொண்டிருந்தான்.

பாதி ஆட்டத்தில் காஜா பெராங் பின்தங்கியிருந்தது. எடுத்த புள்ளிகள் ஏறக்குறைய எல்லாம் கேப்டனுடையவை. இடைவேளையில் ஜெயபாலன் ஆரஞ்சுச் சுளையை மென்றுகொண்டே மெதுவாகச் சொன்னான்.

“அண்ணே, ரெண்டு பேரு உங்க மேலே விழுறப்போ, ஒரு வாட்டி எங்களுக்குத் தட்டி விட்டுப் பாருங்களேன்.”

“உங்களுக்குக் கஷ்டம் வேணாம்னுதானேப்பா பார்க்கிறேன்,” என்றார் சேதுபதி. சத்தியமாக அப்படித்தான் நினைத்தார்.

இரண்டாம் பாதியில் வினை வந்தது. பந்தைப் பறிகொடுப்பதைச் சேதுபதியால் ஓர் ஆட்டச் சங்கதியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. தலையிலிருந்த பரிவட்டத்தை ஒருவன் உருவிக்கொண்டு ஓடினால் சும்மா இருக்க முடியுமா? பறித்தவனைத் துரத்திப் போய்ச் சட்டையைப் பிடித்தார். பவுல். தோளில் இடித்தார். பவுல். லிம்மின் முதுகில் ஏறியே விட்டார். ஐந்து பவுல் ஆனால் ஆள் வெளியே என்பது விதி. ஐந்தாவது தடவை விசில் ஊதியபோது, நடுவர் பணிவாகக் கையை வெளியே காட்டினார். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, காஜா பெராங் ஏழு புள்ளி பின்னால் இருக்கும்போது, சேதுபதி வெளியே.

பெஞ்சுக்கு அவர் நடந்த நடையைப் பார்த்தவர்கள் கோப்பையை வாங்க நடக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். உள்ளுக்குள் மட்டும் கொடிக்கம்பம் ஒன்று மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது. மாமியார் இருக்கும் திசையை அவர் பார்க்கவில்லை. அவருக்குப் பதிலாகப் பள்ளிக்கூட வாத்தியார் தேவதாஸ் இறங்கினார். இந்தப் போட்டி முழுவதிலும் அவர் களம் இறங்குவது இதுவே முதல் தடவை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி யாரிடம் கொடுப்பது என்று தேடிவிட்டுத்தான் உள்ளே போனார்.

ஆனால் ஒரு சட்டச் சிக்கல். கலியாணசுந்தரம் கோட்டருகே ஓடிவந்து கேட்டான்.

“தலைவரே, இப்ப முதல்லே யாருக்குக் குடுக்கிறது?”

சுப்பையன் நாற்காலியிலிருந்து எழுந்தார். திருவிழாவில் இப்படியொரு வழக்கு வந்ததில்லை.

“கேப்டன் எங்கே இருந்தாலும் கேப்டன்தான்,” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இதை யாராலும் எதிர்க்க முடியவில்லை, பின்பற்றவும் முடியவில்லை. ஆட்டம் தொடங்கியது. பந்து உமரிடம் வந்தது. உமர் பயந்துவிட்டான். அதை வைத்துக்கொண்டால் கேப்டன் இடத்துக்கு ஆசைப்பட்டதாக ஆகிவிடாதா? சுட்டதுபோல ஜெயபாலனிடம் தள்ளினான். ஜெயபாலனுக்கும் அந்தப் பழி வேண்டாம், வாத்தியாரிடம் தள்ளினான். கண்ணாடி இல்லாத வாத்தியார், தம் அணியின் மஞ்சளாகத் தெரிந்த முதல் சட்டைக்கு எறிந்தார். அது தாவூத். கூடைக்கு நேர் கீழே, துணிப் பேச்சின் நடுவில் நின்ற தாவூத். அண்ணாந்து பார்த்தான், போட்டான். இரண்டு புள்ளி.

“மன்னிச்சுக்கிடுங்க அண்ணே!” என்று பெஞ்சைப் பார்த்துக் கும்பிட்டது தாவூத் அல்ல, உமர்.

அதற்கப்புறம் நடந்ததைச் சீன அணியால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. மரியாதைக்குப் பயந்து யாருமே பந்தை ஒரு மூச்சுக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. பந்து ஓர் இடத்தில் நிற்காமல் கையிலிருந்து கைக்குப் பறந்தது. யாரை மறிப்பது? எவனிடம் இருக்கிறதோ அவனைப் பிடிக்கப் போனால், அவன் ஏற்கெனவே தலையைக் குனிந்துகொண்டு வேறு யாருக்கோ கொடுத்திருப்பான். இத்தனை நாள் கேப்டனைச் சுற்றி நின்று நின்று, திடலில் எந்த மூலை காலியாக இருக்கும் என்பது நான்கு பேருக்கும் மனப்பாடம். ஜெயபாலன் போட்டான். உமர் போட்டான், வாழ்க்கையில் முதல் புள்ளி, அதற்கும் பெஞ்சைப் பார்த்து ஒரு கும்பிடு. கலியாணசுந்தரம் தெறித்ததையெல்லாம் வாரிப் பிடித்தான். காஜா பெராங் கூட்டம் தகரத்தைத் தட்டியது. விஜயா எழுந்து நின்று, “போடு தாவூது, போடு!” என்று கத்தியது ஊருக்கே கேட்டது.

பெஞ்சில் சேதுபதிக்கு நெஞ்சு இரண்டு பக்கமும் இழுத்தது. ஒரு பக்கம், இவர்களுக்கு இவ்வளவு தெரியுமா என்ற எரிச்சல். மறுபக்கம் ஏழு புள்ளி ஐந்தாகி, மூன்றாகி, ஒன்றாகி, பிறகு ஒரு புள்ளி முன்னாலும் போனபோது, அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டே ஒரு முடிவுக்கும் வந்தார்: என்னைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், படுபாவிகள். சாய்ந்த கொடிக்கம்பம் நிமிர்ந்தது. உட்கார முடியாமல் எழுந்து கோட்டோரம் வந்து நின்றார்.

கடைசி நொடிகள். லிம் எறிந்த பந்து வளையத்தில் சுற்றி வெளியே தெறித்தது. கலியாணசுந்தரம் அத்தனை தலைகளுக்கும் மேலே எழும்பி இரண்டு கையாலும் அதைப் பிடித்தான். ஜெயித்தாகிவிட்டது. இனி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும்.

“வச்சுக்க! அப்படியே வச்சுக்க லா!” என்று தாவூத் தொண்டை கிழியக் கத்தினான்.

இரண்டு பேர் கலியாணசுந்தரத்தை நோக்கிப் பாய்ந்து வந்தார்கள். அவன் மூளை என்ன சொன்னதோ தெரியாது. கைகள் தாங்கள் பழகியதைச் செய்தன. எத்தனை மாதப் பழக்கம்! தெறித்த பந்தைப் பிடித்தால் தேட வேண்டிய முகம் ஒன்றே ஒன்று. அந்த முகம் கோட்டுக்கு வெளியே, பெஞ்சுக்கு முன்னால், தன்னை அறியாமல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றது. கலியாணசுந்தரம் திரும்பினான், வலது கையைப் பந்துக்குப் பின்னால் வைத்து, நெஞ்சுக்கு நேராக, மரியாதையாக எறிந்தான்.

அருமையான பாஸ். சேதுபதி அதை அருமையாகப் பிடித்தார். பழக்கத்தில் இரண்டு தட்டும் தட்டிவிட்டார்.

விசில். பந்து கோட்டுக்கு வெளியே, எதிர் அணியுடையது. காஜா பெராங் ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு பெஞ்சைப் பார்த்து நின்ற அந்த நேரத்தில் பந்து உள்ளே வந்தது, கூடைக்குக் கீழே நின்ற தாவூத்தின் துணிக்கடை வாடிக்கையாளன் கைக்குப் போனது, கூடையில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது. ஒரு புள்ளியில் தோல்வி.

கலியாணசுந்தரம் ஆறடி உடம்பையும் மடக்கிக்கொண்டு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து அழுதான்.

“அண்ணே, என் கை அண்ணே… என் கையை ஏசுங்க…”

சேதுபதி அவன் பக்கத்தில் குந்தி, தோளைத் தட்டினார். அவர் முகத்தில் துக்கம் இருந்தது; ஆனால் அதற்குள்ளிருந்து வேறொன்றும் மெல்ல எட்டிப் பார்த்தது.

“அழாதே. நீ என்ன தப்பு செஞ்சே? இக்கட்டான நேரத்திலே உன் கண்ணு யாரைத் தேடுச்சு? சொல்லு.”

“உங்களைத்தான் அண்ணே.”

“அதுதாம்ப்பா. அது போதும்.”

“அது போதாது அண்ணே, ஒரு புள்ளி வேணும்,” என்றான் தாவூத். யாரும் அவனைச் சட்டை செய்யவில்லை.

சுப்பையன் நாற்காலி மேலேயே ஏறி நின்றார். “பெரியோர்களே! தாய்மார்களே! ஆட்டத்தை விட்டு வெளியே போன தலைவனைக் கடைசி நிமிஷத்திலும் மறக்காத அணி இந்த உலகத்திலே எங்கேயாவது உண்டா? ஜெயிச்சது அவங்களா இருக்கலாம். முறையைக் காப்பாத்தினது யாரு?” கேள்வி இப்படிக் கேட்கப்பட்டால் பதில் ஒன்றுதான். காஜா பெராங் கைதட்டியது. முதலில் தயங்கி, பிறகு சத்தமாக, பிறகு பூங்கா ராயாக்காரர்களே திரும்பிப் பார்க்கும்படி. உண்மையைச் சொன்னால், கைதட்ட வேண்டியது அங்கே இருந்தது; ஏழு புள்ளியை எட்டிப் பிடித்த ஐந்து பேர் இருந்தார்கள். சுப்பையன் கடைசிவரை அவர்கள் பெயரைச் சொல்லவில்லை என்றாலும், அந்தப் பெருமை என்னவோ திடல் முழுக்கப் பரவித்தான் நின்றது. அவரவர் தமக்கு வேண்டிய பங்கை எடுத்துக்கொண்டார்கள். உமர் வீடு வரைக்கும் யாரைப் பார்த்தாலும் இரண்டு புள்ளி என்று விரலைக் காட்டிக்கொண்டு போனான். தேவதாஸ் வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தான் யாருக்குப் பந்து போட்டோம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பொன்னம்மா லாரியில் ஏறுமுன் மாப்பிள்ளையிடம் வந்தார். சேதுபதி தலையைக் குனிந்துகொண்டார்.

“கொடி கிடைக்காதாமே?”

“இந்தத் தடவை… இல்லைங்க அத்தை.”

“போகுது விடுங்க. அத்தனை பேரு இருக்கிறப்போ, அந்த நெட்டைப் பையன் ஓடிவந்து உங்க கையிலேதானே குடுத்தான்? நானே பார்த்தேன். நம்ம சனம் எல்லாம் பார்த்துச்சு.” குடையை மடக்கிக்கொண்டு, கல்யாணத்திலிருந்து பாக்கியிருந்த கணக்கை முடிப்பதுபோல, “என்னவோ ஒண்ணாத்தான் இருக்கீங்க,” என்றார்.

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு சேதுபதி பல வாரம் சாப்பிட்டார்.

சுதந்திர நாள் ஊர்வலத்தில் கொடியை லிம்தான் பிடித்தான். காஜா பெராங் அணி மஞ்சள் சட்டையோடு பின்வரிசையில் நடந்தது. படாங்கில் புதுக்கொடி காற்றை வாங்கி விரிந்தபோது, அதைப் பிடித்திருப்பது யார் என்பதே சேதுபதிக்கு ஒரு நிமிஷம் மறந்துபோனது. பக்கத்தில் கலியாணசுந்தரம், தாவூத், உமர், ஜெயபாலன் எல்லாரும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள். தாவூத்கூட வாயைத் திறக்கவில்லை.

விடுமுறை முடிந்து ஆபீசில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம், “வெளியே போன பிறகும் பந்து என்னைத் தேடித்தான் வந்தது,” என்று அவர் சொன்னார். பெரிய கிராணியிடமும் சொன்னார். அதற்கப்புறமும் பல வருஷம் சொன்னார். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பந்து தேடித்தான் வந்தது. அது எப்படித் திரும்பிப் போனது என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

அந்த ஆட்டம் முழுவதிலும் சேதுபதி தன் கையிலிருந்த பந்தை இன்னொருவருக்கு எடுத்துக் கொடுத்தது ஒரே ஒரு முறை. அந்தக் கடைசிப் பந்துக்கு விசில் ஊதியதும், அதை உள்ளே எறியப் பெஞ்சண்டை ஓடிவந்து கையை நீட்டிய லிம்முக்குக் கொடுத்தார்.